முகம் அசையக் கூடாது

கருங்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் அனோஜாவுக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நாள் பூராவும் போனில் நியூஸ் கேட்கிற வேலை என்பார்கள் சிலர். வீட்டில் உட்கார்ந்தபடியே கொழும்புக்காரர்களைத் திட்டுகிற வேலை என்பார்கள் வேறு சிலர். இரண்டாவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வரும்.

புதிதாகக் கட்டிய வலைத்தளங்களை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் தொழில். எல்லோரும் என்றால் நிஜமாகவே எல்லோரும்: கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், காது மந்தமானவர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள், விரிசல் விட்ட பழைய போனோடு சிக்னல் தேடித் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறுகிறவர்கள். கொழும்பிலுள்ள ஒரு சின்னக் கம்பெனி அவளுக்கு வேலை அனுப்பும். அவள் நோர்வூட்டுக்கு மேலே, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில் இருந்துகொண்டு, தளத்துக்குள் நுழைந்து பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே வழி அடைத்திருக்கிறது என்று அறிக்கை எழுதி அனுப்புவாள்.

அவளுக்கே கண் தெரியாது. ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் ஒரே வாரத்தில் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரையில் இருப்பதைப் போனும் கணினியும் வாசித்துச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் வேலை செய்வாள். அந்தக் குரல் ஓடுகிற ஓட்டத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. நியூஸ் என்ற பேச்சு அதனால் வந்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பார்வையற்றோர் பள்ளியில் அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று அப்பா கஸ்பர் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினாராம். அவள் அழவில்லை. அங்கே புள்ளி எழுத்து படித்தாள், சிங்களம் படித்தாள், தட்டச்சு படித்தாள். பிடிவாதத்தை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அதை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தாள். படிப்பு முடிந்து ஹட்டனில் ஒரு கடையில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் வருகிற போகிறவர்கள் கண்ணில் படாமல் அவளைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், முன்மேசையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நிற்கிறேன் என்றாள். அவர் சிரித்து மழுப்பினார். அவள் நின்றுவிட்டாள். வீட்டில் கொஞ்ச நாள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனை வேலைக்கான பயிற்சி கண்ணில் பட்டது, அதாவது காதில் விழுந்தது. இப்போது வயது முப்பத்து மூன்று.

தொழிலில் அவளுக்கு ஒரு முரட்டுக் கொள்கை உண்டு. ஒருவர் உள்ளே போக முடியாமல் திரும்பிவந்தால் குற்றம் கதவுடையது, ஆளுடையதல்ல. தளத்தைக் கட்டியவர்கள் "அவங்களுக்கு விளங்கல" என்று ஆரம்பித்தால் போதும், அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். தோட்டத்துச் சனங்களைப் பற்றி அதே வசனத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தாள்.

இப்படி எங்கெங்கோ உள்ள கடைகளுக்கும் வங்கிகளுக்கும் சோதனை செய்துகொண்டிருந்தவளுக்குப் போன கார்த்திகையில் வந்த வேலை, அவள் சொந்தத் தோட்டத்தைப் பற்றியதாகவே இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பெய்த பேய்மழையில் கருங்கந்தையின் மேல் டிவிசனில் மண் சரிந்து ஒரு லயத்தை அப்படியே மூடியது. ஒன்பது பேர் போனார்கள். வீட்டோடு போனதால் கலியாணப் படம், அடையாள அட்டை, சுவரில் மாட்டியிருந்த போட்டோ ஒன்றும் மிஞ்சவில்லை. இதே மலைநாட்டில் வட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் ஓவியராகப் பெயரெடுத்த லோஜன் போன வருஷம் இங்கே வந்து தங்கினார். தப்பிப் பிழைத்தவர்களோடு உட்கார்ந்து, நெற்றி எப்படி, மூக்கு எப்படி, தழும்பு எங்கே என்று கேட்டுக் கேட்டு ஒன்பது முகங்களையும் வரைந்து முடித்தார். வரைந்ததை யாருக்கும் காட்டாமல் கொழும்புக்கு எடுத்துப் போய், எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு வலைத்தளத்தில் ஏற்றினார்.

படங்கள் யாருக்கு என்பதில் அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எந்தக் குடும்பம் கேட்கிறதோ அதற்கு அதன் படம். கேட்காதவர்களின் படங்கள் பொங்கலுக்கு மறுநாள் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்விடும், போனால் போனதுதான். கேட்கிற இடம் தளத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு முகத்தைத் தொட்டால் உள்பக்கம் திறக்கும், அங்கே வாயால் பேசிப் பதிவு செய்யலாம். இதென்ன சுற்றுவழி என்று தோன்றும். ஆனால் மனுஷன் யோசித்துத்தான் செய்திருந்தார். வாசலில் வந்து நின்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தோட்டத்துச் சனங்களுக்கு வாய் வராது என்பது அவருக்குத் தெரியும், அவரும் இந்த மண்ணுப் பிள்ளைதானே. இதற்கிடையில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கொழும்புக்கே போய், சனங்கள் சார்பாக எல்லாப் படத்தையும் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று நின்றிருக்கிறார். அதிலிருந்து, குடும்பத்தார் தங்கள் வாயால் சொன்னால்தான் கணக்கு, வேறு யார் வந்து சொன்னாலும் செல்லாது என்று லோஜன் கண்டிப்பாக இருந்துவிட்டார்.

அனோஜாவுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. அவள் கவலையெல்லாம் ராக்காயியைப் பற்றியது.

ராக்காயி இப்போது அடுத்த காம்பராவில் இருப்பவள். மண் சரிந்த அன்று அவள் நானுஓயாவில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். மேல் டிவிசன் வீட்டில் தனியாக இருந்த ஒரே மகன் அழகன் போய்விட்டான். பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிற குரூப் போட்டோ ஒன்றில் அவன் இருக்கிறான், முகம் மிளகு அளவுதான். வருஷம் ஆக ஆக மகன் முகம் தனக்கு மறந்துகொண்டு வருகிறது என்று ராக்காயி ஒருமுறை அனோஜாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவள் படம் வந்த பிறகும் கேட்கவில்லை. அனோஜா ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள், "பாக்கலாம் புள்ள" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. இன்னும் ஒன்றரை மாசத்தில் அந்த முகம் கப்பல் ஏறிவிடும்.

இந்த நிலைமையில்தான் கம்பெனிப் பொறுப்பாளர் சுலக்ஷனா அந்தத் தளத்தையே சோதிக்க அனுப்பினாள். செலவைப் பொறுப்பேற்ற கலை அமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் பார்க்கும்படி தளம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்ததாம். அது தன் தோட்டம் என்பதை அனோஜா முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்படியானால் நீதான் பொருத்தம் என்றாள் சுலக்ஷனா.

அனோஜா தளத்தைத் திறந்தாள். போன் வாசித்தது: படம். படம். படம். அப்படியே ஒன்பது முறை. அவ்வளவுதான், தளம் முடிந்துவிட்டது. யார் படம், ஆணா பெண்ணா, தொட்டால் என்ன ஆகும், ஒன்றுமில்லை. பெயர்கூட இல்லை. கதவில்லாத வீட்டைச் சுற்றி வந்ததுபோல் இருந்தது. லோஜனுக்குச் சொற்களே பிடிக்காது, முகங்கள் பேசட்டும் என்றுதான் ஓர் எழுத்தும் இல்லாமல் கட்டச் சொன்னார் என்று தளத்தைக் கட்டிய சுமன் பிறகு போனில் விளக்கினான். கண் தெரிந்தவர்களோடு மட்டும்தான் முகங்கள் பேசும் என்று அனோஜா பதில் சொன்னாள். சுமன் நல்ல பையன், உடனே குறித்துக்கொண்டான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். தோட்டத்துப் பக்கமிருந்து நிறையப் பேர் தளத்தைத் திறக்கிறார்கள். தினமும் திறக்கிறவர்கள்கூட உண்டு. ஆனால் ஒருவரும் உள்பக்கத்துக்குப் போவதில்லை, முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லோஜன் அண்ணனுக்கு அதில் பெரிய மனவருத்தம். பார்க்கிறார்கள், ஆனால் வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அதை மதிப்போம் என்று சொல்லிவிட்டாராம்.

அனோஜா அதை ஏற்கவில்லை. தினமும் போய் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வேண்டாமா? கதவில்தான் ஏதோ கோளாறு என்று அடித்துச் சொன்னாள். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்த விரல்களுக்குத் தொடுதிரை லேசில் மசியாது. தொட்டோமா இல்லையா என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். அதனால் முதல் அறிக்கையில் இரண்டு விஷயங்களை அழுத்தி எழுதினாள். தொடும் இடம் இன்னும் பெரிதாக வேண்டும், தொட்டது தெரியும்படி திரையில் நடக்கிற மாற்றம் இன்னும் நிதானமாக, தெளிவாகத் தெரியவேண்டும். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய யோசனைதான். மாற்றம் என்ன என்று அவளும் கேட்கவில்லை, சுமனும் சொல்லவில்லை. சொன்னபடி செய்து முடித்துவிட்டேன் என்று அடுத்த வாரமே செய்தி அனுப்பினான்.

அதன் பிறகும் ஒருவரும் உள்ளே போகவில்லை. தினமும் திறந்தவர்கள்கூடக் குறைந்துபோனார்கள். இதைக் கேட்ட அனோஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு குறைந்திருக்கிறது என்றால், தன் கையிலும் பிழை இருக்கிறது. அறிக்கைக்குள் உட்கார்ந்து யோசித்தால் இது பிடிபடாது என்று தீர்மானித்து, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பூசை முடிந்து வந்த கையோடு ராக்காயியின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்தோப்பு என்றால் லயத்து வாசலில் இருக்கிற சின்ன முன்கூடம்தான். ஒரு பலகை பெஞ்சும் விறகுக் கட்டும் போக இரண்டு பேர் உட்காரலாம். ராக்காயி பாலில்லாத பிளேன்டீ போட்டு, கூடக் கடித்துக் குடிக்க ஒரு துண்டுச் சக்கரையும் கொடுத்தாள். பேச்சு வெங்காய விலையில் தொடங்கி, மலையில் அன்றைக்கு யார் யார் கைக்காசுக்கு, அதாவது அன்றன்றே கூலி வாங்குகிற கொழுந்துப் பறிப்புக்குப் போயிருக்கிறார்கள் என்பது வரை போய்வந்தது. கடைசியில் அனோஜா வளைத்துப் பேசுவதை விட்டாள். அழகன் படத்தைத் திறந்து வையுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றாள். ராக்காயி போனை எடுத்துத் திறந்தாள். அதில் தடுமாற்றம் ஒன்றுமில்லை, பழகிய கை. பிறகு சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. டீ ஆறிவிட்டது.

தொட முடியாமல்தான் தயங்குகிறாள் என்று அனோஜா நினைத்தாள். "குடுங்க பெரியம்மா, நான் அமத்தித் தர்றேன்" என்று கையை நீட்டினாள்.

ராக்காயி போனை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். "வேணாம் புள்ள. அமத்துனா மண்ணுக்குள்ள போயிர்றான்."

அனோஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன நடக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"தொட்டதும் மொகம் பழுப்பாவுது. அப்புறம் அப்புடியே கீழ எறங்குறான். நாடி போவுது, வாய் போவுது, கண்ணு போவுது. கடைசியா முடி மட்டும் தெரியும், அதுவும் போயிருது. மொத நாளு தெரியாம அமத்திட்டேன். பாதியில போனைக் கவுத்து வச்சுட்டேன்." பிறகு சொன்னாள்: "முன்னாடி வெரசாப் போவான். இப்ப கொஞ்ச நாளா ரொம்ப மெதுவாப் போறான், புள்ள. மொகமும் பெருசா வருது."

பெரிதாக, நிதானமாக, தெளிவாக. அவள் எழுதிய சொற்கள்தான் அவை. திரை வாசிக்கிற குரல் இந்த இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் கண் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை. தோட்டத்துச் சனம் முழுக்க இந்த வாசலில் வந்து நின்று, தங்கள் பிள்ளையை, புருஷனை, தாயைத் தங்கள் விரலாலேயே மறுபடி மண்ணில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றால் யார் வருவார்கள்? அவள் ராக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போக வைத்தது நான்தான் பெரியம்மா என்று சொன்னாள். ராக்காயிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. நீ என்னா செஞ்சே, பாவம் என்று தலையைத் தடவினாள். அது அனோஜாவை அழ வைத்துவிட்டது.

அழுகை அன்று சாயங்காலத்தோடு சரி. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே எண்ணம்: பொங்கலுக்குள் அந்தக் கதவை மாற்றியாக வேண்டும். ராக்காயிக்குப் படம் வேண்டும் என்று தானே லோஜனுக்குச் சொல்லிவிடலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். அனோஜா மறுத்துவிட்டாள். அவர் ஏற்கமாட்டார் என்பது ஒன்று. தோட்டத்துக்காரர்களுக்காகப் பேச எப்போதும் யாராவது ஒருவர் முன்னால் நின்றுகொண்டே இருக்கிறார், அந்த வரிசையில் போய்த் தானும் நிற்க அவளுக்கு இஷ்டமில்லை என்பது இன்னொன்று.

மறுநாள் காலை லோஜனையே போனில் பிடித்தாள். அவர் மரியாதையாகக் கேட்டார். இறங்குவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் குரல் மாறிவிட்டது. அது சுமனுடைய அலங்காரம் இல்லை, என்னுடைய யோசனை, இந்தப் படைப்பின் உயிரே அதுதான் என்றார். அந்த லயம் விழும் என்று தெரிந்தும் எத்தனை அதிகாரிகள் சனங்களை இடம்மாற்றக் கையெழுத்துப் போடாமல், பார்க்காததுபோல் இருந்தார்கள்? கொழும்பிலும் லண்டனிலும் உட்கார்ந்து டீ குடிக்கிறவனின் விரல் அவர்களைப் புதைக்க வேண்டும், புதைத்தது தான்தான் என்று அவனுக்கு உறைக்கவேண்டும். பேசப் பேச அவருக்கு மூச்சு வாங்கியது. பொய்யாகப் பேசுகிற மனுஷன் இல்லை என்பது அனோஜாவுக்கு விளங்கியது. அவர் சொன்னதில் பாதி அவளுக்கே சரி என்று பட்டது, அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொல்றது டீ குடிக்கிறவங்களுக்குச் சரிண்ணே" என்றாள். "ஆனா பொதைச்சாத்தான் கதவு தெறக்கும்னா ராக்காயி பெரியம்மா எப்புடி உள்ள வருவாங்க? அவங்க ஒருத்தரையும் பொதைக்கலியே."

"என் படைப்பையே மாத்தச் சொல்றீங்களா தங்கச்சி?"

"படத்துல கை வைக்கச் சொல்லல. கதவ மாத்தச் சொல்றேன்."

அவர் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அனோஜா இரண்டாவது அறிக்கையை எழுதினாள். முதல் அறிக்கையில் தான் கொடுத்த யோசனை பிழை என்று முதல் வரியிலேயே எழுதினாள். இந்தத் தளம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது, ஆகவே தேறவில்லை என்று அடுத்த வரி. முகம் அசையக் கூடாது, நிறம் மாறக் கூடாது. முகத்துக்குக் கீழே, எழுத்தில் பெயர் போட்ட தனிப் பொத்தான் வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் வரைந்தவரே சொற்களில் விவரிக்க வேண்டும். சுலக்ஷனா வாசித்துவிட்டுப் பதறினாள். லோஜன் பெரிய பெயர், தேறவில்லை என்பதைச் சில மேம்பாடுகள் தேவை என்று மாற்றலாமே என்றாள். அனோஜா மாற்றவில்லை. வேண்டுமென்றால் என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் மாற்றி அனுப்புங்கள் என்றாள். சுலக்ஷனா பெருமூச்சு விட்டு அதை அப்படியே அனுப்பினாள்.

மார்கழி ஓடியது. பதில் இல்லை. கீழ் லயத்தில் பொங்கலுக்கென்று அடுப்புக்குப் புதுக் களிமண் பூச ஆரம்பித்துவிட்டார்கள். அனோஜா தினமும் காலையில் மற்ற வேலையைத் தொடுவதற்கு முன் தளத்தைத் திறந்து பார்ப்பாள். படம். படம். படம். ஒருநாள் விடாமல் சுமனுக்குப் போன் போட்டாள். பையன் அவள் பெயரைப் பார்த்தாலே பயப்படும் அளவுக்கு வந்துவிட்டான். அண்ணன் யாரோடும் பேசுவதில்லை அக்கா, அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார் என்றான். பூட்டிக்கொண்டு இருப்பவருக்கும் போன் கேட்கும் என்று சொல்லி, அவருக்கும் நேரே எடுத்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுத்தாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் தளம் வேறு மாதிரி வாசித்தது. "அழகன். ராக்காயியின் மகன். பொத்தான்."

அனோஜா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். சுமனைக் கேட்டாள். லோஜன் கோபத்தோடுதான் ஒத்துக்கொண்டார் என்று அவன் சொன்னான். ஒரு நாள் முழுக்கத் தன் தளத்தைத் தானே திறந்து வைத்துக்கொண்டு இருந்தாராம். அவருடைய அப்பா போன வருஷம்தான் இறந்திருந்தார். அந்த ஒன்பது முகங்களுக்கு நடுவில் தன் அப்பா படத்தை ஏற்றித் தரச் சொன்னாராம், ஏற்றித் தந்ததும் விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தாராம். சாயங்காலம், எல்லாவற்றையும் அந்தப் பெண் சொன்னமாதிரியே மாற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கொழும்புக்காரர்களுக்கு வேண்டுமென்றால் இறக்கத்தைத் தனியாக வேறொரு பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அனோஜா சொன்னாள். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

முகங்களுக்கான விவரிப்புகளையும் லோஜனே எழுதியிருந்தார். அனோஜா அழகனுடையதைக் கேட்டாள். மெலிந்த இளைஞன், சுருள் முடி, இடது புருவத்தில் தழும்பு, ஈரமான கண்களில் ஆறாத துயரம், இறுக மூடிய உதடு. அவள் திரும்பவும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த அழகன் இப்படி இல்லை. ஆனால் வளர்ந்த அழகனை அவள் கண்டதே இல்லை, கேட்டிருக்கிறாள் அவ்வளவுதான். இதை அறிக்கையில் எழுதலாமா என்று நினைத்தாள். பிறகு, இது சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானமே ராக்காயியைக் கூப்பிட்டாள். இப்போது அமத்தினால் முகம் அப்படியே இருக்கும் என்று சொன்னாள். ராக்காயி நம்பவில்லை. சத்தியமா என்றாள். மாதா மேல சத்தியம் என்றாள் அனோஜா. ராக்காயி பெயர் போட்ட பொத்தானைத் தொட்டாள். அனோஜா பக்கத்தில் காது கொடுத்து நின்றாள்.

"இருக்கான்" என்றாள் ராக்காயி.

உள்பக்கம் திறந்து, போன் குரல் கேட்டது: இந்தப் படம் உங்களுக்கு வேண்டுமா, பேசிச் சொல்லுங்கள். தனியாகப் பேசட்டும் என்று அனோஜா வெளியே வந்து விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். லயத்துச் சுவரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, இருமினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எல்லாம் கேட்டது.

"தம்பி, நாந்தான் ராக்காயி, அழகனோட அம்மா. படம் எனக்கு வேணுங்க. நெத்தி, மூக்கு, தழும்பு எல்லாம் அவந்தான். அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அழுவுற மாதிரி இருக்கான். எம் புள்ள அப்புடி இருந்ததே இல்லீங்க. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துல கங்காணி ஏசுனாக்கூட சிரிச்சுக்கிட்டுத்தான் நிப்பான். அவனச் சிரிக்க வச்சுக் குடுங்க."

அதே வாரத்தில் கீழ் லயத்திலிருந்து இரண்டு பேர் பேசினார்கள். மூன்றாவது குடும்பம் வேண்டாம் என்று சொன்னது. அதைக் கேட்டும் அனோஜாவுக்குச் சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்ல ஒரு வாசல் அவர்களுக்கு இதுவரை யார் கொடுத்தார்கள்?

பொங்கலன்று காலை, பால் பொங்கி முடிந்து எல்லோரும் வெளியில் நின்றுகொண்டிருந்தபோது லோஜன் அனோஜாவுக்குப் போன் செய்தார். ராக்காயியின் பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு வருஷம் இந்த அம்மாவோடு உட்கார்ந்து மூக்கையும் நெற்றியையும் கேட்டேனே ஒழிய, உங்கள் பிள்ளை எப்படி இருப்பான் என்று ஒருமுறையும் கேட்கவில்லை, செத்தவன் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன் என்றார். அழகன் எங்கேயும் போகப் போவதில்லை. குடும்பங்கள் பேசி முடிக்கும்வரை ஒன்பதில் ஒன்றும் கப்பல் ஏறாது என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டாராம். தூரிகையைக் கையில் எடுத்துவிட்டார், ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் தொட முடியவில்லை.

"சிரிச்சா பல்லு தெரியுமா தங்கச்சி? கேட்டுச் சொல்றீங்களா?"

அனோஜா கேட்டுச் சொல்லவில்லை. நீங்களே கேளுங்கள் என்று சொல்லி, பொங்கல் பானைப் பக்கம் நின்ற ராக்காயியின் கையில் போனைக் கொடுத்தாள்.

ராக்காயி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கேள்வியைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, நல்ல சத்தமாகச் சொன்னாள்.

"மேல் பல்லு ரெண்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறியிருக்கும் தம்பி. அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு எப்பவும் கைய வாயில வச்சு மறைச்சுத்தான் சிரிப்பான். நீங்க அந்தக் கைய எடுத்துட்டு வரைங்க."